ரெங்கத்து வானத்தில் மண்வெட்டிகள்

சிங்கப்பூரில் மண்வெட்டியின் விலை குறையும்போதெல்லாம் மலாயாவின் ரெங்கத்தில் அதன் எடையும் குறைந்தது. 1928ஆம் ஆண்டு தொடங்கிய இந்த வழக்கம் 1931ஆம் ஆண்டு ஆயுத பூசை வரைக்கும் ஒரு முறைகூடத் தவறவில்லை. அரிசி ஏறிவிட்டது, கருவாடு வரவில்லை, ரப்பர் படுத்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் எந்தக் குரலில் பேசிக்கொண்டார்களோ அதே குரலில்தான் இதையும் பேசிக்கொண்டார்கள். விலை குறைந்தால் எடை குறையாமல் என்ன செய்யும் என்று கேட்டவர்களும் உண்டு.

அதற்கு முன்பெல்லாம் ரெங்கத்தில் மண்வெட்டி என்றால் வீரமுத்து பட்டறை மண்வெட்டிதான். வீரமுத்து தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொல்லர். ஜொகூருக்குள் ரயில் ஓடத் தொடங்கிச் சில வருடங்கள் கழித்து, காட்டை அழித்து ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்த காலத்தில், மனைவி பேச்சியம்மாளோடு வந்து ஸ்டேஷனுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்து உலை மூட்டினார். சிங்கப்பூரிலிருந்து உருக்குப் பட்டை வரும். ரயில்வேக்காரர்கள் கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டுகளையும் விடமாட்டார். அவற்றில் மண்வெட்டி, பால்வெட்டுக் கத்தி, மாட்டு லாடம், கதவுக் கீல் என்று சுற்றுவட்டாரத்துக்கு வேண்டியதையெல்லாம் அடித்துக் கொடுத்தார். அவர் பேசுவது குறைவு. மேகம் கறுத்தால் "மழை" என்பார், மழை வந்துவிட்டால் அதையும் சொல்ல மாட்டார். பேரம், வசூல், சண்டை மூன்றும் பேச்சியம்மாள் பொறுப்பு. அவரிடம் ஒரு காசு குறைத்து வாங்கியவர்கள் அந்தக் கதையைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவைத்தார்கள். 1920 வாக்கில் பட்டறையில் ஏழெட்டுப் பேர் சம்மட்டி அடித்தார்கள். அத்தனை குடும்பங்களும் அந்த உலையை நம்பித்தான் சோறு வடித்தன.

லியோனார்ட் அந்த ஊருக்குள் வந்தது 1928இல். மாசாய்ப் பக்கத் தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, பாதிரிமார் பள்ளியில் படித்து, சிங்கப்பூரில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றுக்கொண்டிருந்த இளைஞர். வெள்ளைச் சட்டை, தொப்பி, யாரைக் கண்டாலும் முதலில் சிரிப்பு. கடல் கடந்த ஒரு நாட்டின் பெரிய ஆலையில் செய்து, கறுப்புச் சாயம் பூசி, பிடியும் போட்டு வந்த மண்வெட்டிகளைச் சதாசிவத்தின் மளிகைக் கடையில் இறக்கினார். விலையைக் கேட்ட சதாசிவம் மறுபடியும் சொல்லச் சொன்னார். வீரமுத்து வாங்கும் உருக்குப் பட்டை எந்த விலையோ, அதைவிடக் குறைந்த விலைக்கு, காய்ச்சி, அடித்து, சாணை பிடித்து, பிடி போட்டு முடித்த மண்வெட்டி. மாவை விடத் தோசை மலிவு என்று சொல்வது மாதிரிதான். செய்தி கேட்டுப் பேச்சியம்மாள் கடைக்கே வந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ள இரும்பு வைக்க மறந்துட்டாங்களா?"

"இரும்புதான் அக்கா. தட்டிப் பாருங்க."

தட்டினால் இரும்புச் சத்தம்தான் வந்தது. எடைதான் பாதி. ஊரே வந்து தூக்கிப் பார்த்து மகிழ்ந்தது. தோள் வலிக்காத மண்வெட்டி என்று பேர் வாங்கியது. தோட்டத்துத் துரை தோட்டத்துக்கு மொத்தமாக எடுத்தார், லயத்து ஜனங்கள் வீட்டுக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் போட ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரை விலைக்கு அரை எடை என்றால் யாருக்குத்தான் கசக்கும்.

லியோனார்ட் ஒவ்வொரு முறை வரும்போதும் விலை இன்னும் கொஞ்சம் இறங்கியது, கடையில் தொங்கிய மண்வெட்டிகளும் ஊரில் ஏற்கெனவே விற்ற மண்வெட்டிகளும் சேர்ந்தே இளைத்தன. 1930இல் அவை ஒரு தென்னமட்டை கனம்கூட இல்லை. எடை இல்லாத மண்வெட்டி மண்ணில் இறங்காது, ஓங்கிப் போட்டால் துள்ளித் திரும்பும். அதனால் ஆற்றங்கரையில் கல் பொறுக்கி, கயிறு போட்டுத் தகட்டின் முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். கல் கழன்று காலில் விழுந்தது, மறுபடி கட்டினார்கள், மறுபடி விழுந்தது. கட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த நேரத்துக்குச் சதாசிவம் விலை போடவில்லை, துரையும் போடவில்லை. காளியம்மா என்ற புல்வெட்டுக்காரி மட்டும், "மலிவா வாங்கிட்டோம்னு கல்லையும் சேத்துச் செமக்கிறோம்" என்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டுவிட்டு அடுத்ததாகவும் அதையேதான் வாங்கினாள். சாயங்காலம் வேலை முடிந்து சும்மா சாய்த்து வைத்தால் கூரையில் போய் முட்டி நிற்கும் என்பதால், எல்லா வீட்டிலும் ஆட்டைக் கட்டுவது போல மண்வெட்டியையும் முளைக்குச்சியில் கட்டிப்போட்டார்கள்.

பட்டறையில் வேலை குறைந்தது. பேச்சியம்மாள் சும்மா இருக்கிறவர் இல்லை. அவன் குறைத்தால் நானும் குறைக்கிறேன் என்று உருக்கின் விலைக்கும் கீழே போனார். ஊர் திரும்பிப் பார்த்தது, கொஞ்ச நாள் வியாபாரமும் நடந்தது. வீரமுத்து அந்த விலைக்கே அடித்துக் கொடுத்தார். ஆச்சரியம் என்னவென்றால் வீரமுத்துவின் மண்வெட்டி இளைக்கவே இல்லை, முன்பு எத்தனை கனமோ அத்தனையே இருந்தது. பேச்சியம்மாளுக்கு அதில் பெருமைகூட. ஒருநாள் வீரமுத்து கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வந்தார். சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது, கால் தடம் ஒன்றுகூட இல்லை. பேச்சியம்மாள் குனிந்து பார்த்தார். புருஷனின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாளா" என்றார் வீரமுத்து. சம்மட்டியைக் கையில் பிடித்திருக்கும் நேரம் பரவாயில்லை என்றும், தூங்கும்போதுதான் பாய் கீழேயே நின்றுவிடுகிறது என்றும் சொன்னார். அத்தனை நீளமாக அவர் பேசியதே அபூர்வம். பேச்சியம்மாள் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, உட்கார்ந்து அழுதார். குறைத்த விலைக்குச் சமமான எடை எங்கிருந்து போய்க்கொண்டிருந்தது என்று அவருக்கு இப்போது தெரிந்தது. மறுநாளே பழைய விலையைச் சொன்னார், வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

அந்த நாட்களில் பட்டறைக்கு ஒழுங்காக வந்த ஒரே வாடிக்கைக்காரர் யார் என்றால் லியோனார்ட்தான். அவரும் இளைத்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிற காற்றுக்கே தள்ளாடினார். பக்கத்து ஊரான யோங் பெங்கில் ஒரு கடைக்காரர் அவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துத்தான் பேச வேண்டியிருந்ததாம். பூட்சுக்கு அடியில் இரும்பு அடித்துத் தரச் சொல்லி வீரமுத்துவிடம் வந்தார். வீரமுத்து மாட்டுக்கு அடிக்கிற மாதிரியே நல்ல கனமான லாடம் அடித்துக் கொடுத்தார். லியோனார்ட் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தார், உடனே கால் தரையில் நின்றது. பேச்சியம்மாள் விடவில்லை.

"ஏந்தம்பி, ஒங்க மம்பட்டிய நாலு வாங்கிக் கால்ல கட்டிக்கிறதுதானே?"

லியோனார்ட் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "அந்த ஆலை ஒரு மம்பட்டி செய்ய என்ன ஆவுதோ அதவிடக் கொறச்சலாத்தான் விக்குது அக்கா. மிச்சத்த அந்த நாட்டு சர்க்கார் குடுக்குது."

"எதுக்கு? நம்ம மேல அம்புட்டுப் பாசமா?"

"இங்க இருக்கற ஒலையெல்லாம் அணையணும்னுதான். அணைஞ்சிட்டா அப்பறம் அவங்க சொல்றதுதான் வெல. குளுவாங்ல அணைஞ்சிருச்சி. யோங் பெங்லயும் அணைஞ்சிருச்சி. இந்தச் சுத்துவட்டாரத்துல ஒங்களுது ஒண்ணுதான் எரியுது. அது எரியுதான்னு பாத்து எழுதி அனுப்பறதும் என் வேலதான்."

பேச்சியம்மாள் உலையில் ஒரு கை கரி அள்ளிப் போட்டார். மிச்ச விலை கொடுத்தவன் ஊரில்தான் மிச்ச எடையும் நிற்கிறது, மண்வெட்டியின் நிழல் மாதிரி ஏதோ ஒன்றுதான் இங்கே கப்பல் ஏறி வருகிறது என்று அவர் புரிந்துகொண்டார். "அவங்களுக்குக் குடுக்க ஒரு சர்க்கார் இருக்கு தம்பி. எனக்குக் குடுக்க இந்த மனுசன் ஒருத்தர்தான் இருந்தாரு" என்றார். லியோனார்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். லாடம் கிணுகிணுக்க ஸ்டேஷனுக்கு நடந்து போனார்.

1931 பொல்லாத வருடம். ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டங்கள் ஆட்களைக் கழித்து, சர்க்கார் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பட்டறையில் சம்மட்டி அடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். கடைசியில் வீரமுத்துவும் பேச்சியம்மாளும் கப்பலுக்குப் பேர் கொடுத்தார்கள். ஆயுத பூசைக்கு முந்தின வாரம் பேச்சியம்மாள் தன் கையாலேயே உலையில் தண்ணீர் ஊற்றினார். தஞ்சாவூரில் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இருபது வருடத்தில் அங்கே இருந்த உறவெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, இங்கேதான் நாலு பேரைத் தெரியும். அந்த நாலு பேரும் கறுப்புச் சாயம் பூசிய மண்வெட்டி வாங்கியவர்கள். லியோனார்ட் உலை அணைந்ததைப் பார்த்தார், உள்ளதை உள்ளபடி சிங்கப்பூருக்கு எழுதினார்.

ஆயுத பூசை வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் முற்றத்தில் வழக்கம்போல ஆயுதங்களையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாகப் படைக்க வேண்டும். படைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிப் பூசை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது, அது ஆயுதங்களுக்கு ஓய்வு. சுற்றுவட்டார ஜனங்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள். தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் வேலு கங்காணிக்கு ஒழுங்கு முக்கியம். கயிறும் கல்லுமாக வந்த மண்வெட்டிகளைப் பார்த்து முகம் சுளித்தார். "அம்மா முன்னாடி கட்டிப்போட்ட ஆயுதத்தையா வைப்பீங்க? எல்லாத்தயும் அவுருங்கடா" என்றார். சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கல்லை அவிழ்த்து, கயிற்றை உருவி, நன்றாகத் தேய்த்துக் கழுவிப் படைத்தார்கள். சந்தனத்தின் கனத்துக்கு அவை கொஞ்ச நேரம் கிடந்தன.

உலை அணைந்த பிறகும், அது மறுபடி மூண்டுவிடாமல் இருக்க ஒரே ஒரு தடவை இன்னும் விலையைக் குறைத்துப் பார்ப்போம் என்று சிங்கப்பூரில் யாரோ நினைத்திருக்கிறார்கள். பூசாரி கற்பூரம் காட்டி முடித்த வேளையில் முதல் மண்வெட்டி எழுந்தது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. பிறகு வரிசை முழுக்க. இடுப்புயரத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், குங்குமப் பொட்டோடு அவை மெதுவாகப் போயின. யாரும் கை நீட்டவில்லை. சதாசிவம் நீட்டப் போனார், அவர் மனைவி கையில் ஓர் அடி போட்டார். ஆயுத பூசையன்று ஆயுதத்தைத் தொடுவதா? கைகூப்பியபடியே ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபுரம் தாண்டி, தென்னை தாண்டி, காற்றில் மேற்கே நகர்ந்து, ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் மேலே வந்து கூட்டமாக நின்றுகொண்டன. பிரசாதம் கொடுத்தார்கள், சுண்டல் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

விஜயதசமி முடிந்ததும்தான் கையில் ஒன்றுமில்லை என்பது உறைத்தது. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். துரை கத்தினார். சதாசிவம் புது மண்வெட்டி கேட்டுச் சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தார். பதில் மறுநாள் காலை வந்தது. அந்த வழியில் இனிப் பட்டறை ஏதும் எரியவில்லை என்று கம்பெனிக்கு உறுதியாகிவிட்டது. ஆகவே மண்வெட்டியின் விலை இன்று முதல் இத்தனை என்று இருந்தது. வீரமுத்து கேட்ட விலையைப் போல இரண்டு பங்கு.

அதே காலையில் வீரமுத்துவும் பேச்சியம்மாளும் மூட்டையோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள், சிங்கப்பூர் ரயில் வருகிற நேரம். வீரமுத்து காற்றில் ஆடாமல் இருக்கப் பேச்சியம்மாள் அவர் வேட்டி முனையைத் தன் முந்தானையில் முடிந்திருந்தார். அப்போது மேலே இருந்து ஒரு மண்வெட்டி விழுந்தது. பிளாட்பாரத்துச் சரளையில் பிடிவரைக்கும் புதைந்தது. வெளியே இழுக்க நாலு ஆள் முயன்றார்கள், அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சதாசிவம் கடைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு இன்னொன்று இறங்கி, தேங்காயெண்ணெய் டின்னைப் பிளந்தது. எண்ணெய் தெருவில் ஓடியது. ஜனங்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நேற்றுத் தென்னைக்கு மேலே நின்ற கூட்டம் இப்போது தென்னங்குருத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கடைத்தெரு முழுவதும் தலையில் சட்டியையும் பலகையையும் கவிழ்த்துக்கொண்டு ஸ்டேஷன் தகரக் கூரைக்கு அடியில் வந்து நின்றது. சதாசிவத்தின் கையில் தந்தி. அவர் படித்துச் சொன்னதும் பேச்சியம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எளிய விஷயம்தான். விலை குறைந்தபோது ஏறியவை, விலை ஏறியதும் இறங்குகின்றன. பட்டறை இருக்கிறவரை விலை ஏறாது, ஏறாதவரை இவையும் இறங்கா. அவர் இதைச் சுற்றி நின்றவர்களுக்குச் சந்தைக்காரிக் குரலில் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப என்னம்மா செய்யறது?" என்றார் வேலு கங்காணி.

"ஏன் எங்கிட்ட கேக்கறீங்க கங்காணி? மூணு வருசமா எங்க பட்டறப் பக்கம் தலவச்சுப் படுக்காதவங்களுக்கு இன்னிக்கு வழி தெரிஞ்சிருச்சா? நாங்க கப்பலுக்குப் போறோம்."

காளியம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புதான் அக்கா. கூலி பத்தல, மலிவப் பாத்தோம். கோவிச்சுக்காதீங்க" என்றாள். பேச்சியம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் அவருக்கு நியாயமாகவே இருந்தது, அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ரயில் வந்து நின்றது. சிங்கப்பூர் போகிறவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

வீரமுத்து எழுந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ரயிலைப் பார்க்காமல் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருக்கிற திசையைப் பார்த்தார். அங்கேயும் வானத்தில் கறுப்புப் புள்ளிகள் நின்றன.

"புள்ளைங்க வெளையாடற எடமாச்சே அது" என்றார்.

அவ்வளவுதான். மூட்டையிலிருந்து சம்மட்டியை உருவித் தோளில் வைத்துக்கொண்டு பட்டறையைப் பார்த்து நடந்தார். பாதம் தரையில் படாததால் சத்தமில்லாமல் போனார். பேச்சியம்மாள் அவர் முதுகையே பார்த்தார். இருபது வருடம் இந்த மனிதருக்காகப் பேசியே தொண்டை வறண்டவர், இந்த ஒரு வாக்கியத்துக்கு மடியிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கினார். ஆனாலும் ரயில் விசில் கொடுக்கும்வரை ஜனங்களைத் தவிக்கவிட்டார். பிறகு விரலை நீட்டி ஒரே ஒரு வாக்குக் கேட்டார். வீரமுத்து செய்கிற மண்வெட்டிக்குச் செய்கூலியும் உருக்கும் கரியும் சேர்த்து என்ன ஆகிறதோ அதைக் கொடுக்க வேண்டும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஊர் ஒப்புக்கொண்டது. தன் பங்களாக் கூரைக்கு மேலே ஏழெட்டு நிற்பதைப் பார்த்துவிட்டுக் குடையோடு ஓடி வந்த துரையும் ஒப்புக்கொண்டார்.

சதாசிவம் வீட்டு அடுப்பிலிருந்து சட்டியில் நெருப்பு வந்தது. பெண்கள் வீட்டிலிருந்த கரியை முறத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். வேலு கங்காணியே துருத்தியில் உட்கார்ந்தார். ஈரம் போகாத உலை முதலில் புகைந்து எல்லோரையும் அழவைத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. லியோனார்ட் வாசலில் நின்று, கரி சிவப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, லாடத்தோடு தந்தி ஆபீசுக்கு ஓடினார். ரெங்கத்தில் உலை எரிகிறது, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அடித்தார். விலை கேட்டுப் போக இன்னோர் இடம் இருக்கிறவரை எந்த வியாபாரியும் இரண்டு மடங்கு கொடுக்க மாட்டான் என்பது கம்பெனிக்கும் தெரியும். மத்தியானம் பதில் வந்தது. விலை பழையபடி குறைக்கப்பட்டது. அதற்குள் வாழை உயரத்துக்கு வந்துவிட்ட மண்வெட்டிகள் அப்படியே நின்றன, யோசிப்பவை போலச் சற்று ஆடின, பிறகு மெல்ல மேலே போயின. சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். லியோனார்ட் அந்த வேலையை விட்டுவிட்டார். மறு மாதமே பட்டறையில் கணக்கெழுதவும் ஊர் ஊராகப் போய் வீரமுத்துவின் மண்வெட்டியை விற்கவும் சேர்ந்துகொண்டார். லாடத்தைக் கழற்றியும் கால் தரையில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்தவை சாதாரண விஷயங்கள். கப்பலுக்குப் பெட்டி கட்டிய சம்மட்டிக்காரர்களில் இன்னும் ஏறாதவர்கள் திரும்பி வந்தார்கள். யோங் பெங்கில் அணைந்த உலையை அடுத்த வருடம் மூட்டினார்கள், குளுவாங்கில் அதற்கடுத்த வருடம். 1934இல் ரப்பர் கொஞ்சம் தேறியபோது பேச்சியம்மாள் சபலப்பட்டு விலையை ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். அன்று விற்ற மண்வெட்டியை வேலு கங்காணியும் இரண்டு ஆட்களும் சேர்ந்தும் வாசலைத் தாண்டிக் கொண்டுபோக முடியவில்லை. பேச்சியம்மாள் உடனே பழைய விலையைச் சொன்னார், மண்வெட்டி சரியான கனத்துக்கு வந்தது. இவையெல்லாவற்றுக்கும் முன்பே, உலை மூட்டிய சில வாரங்களில் ஒரு சாயங்காலம், வீரமுத்து கிணற்றடியிலிருந்து உள்ளே வந்தபோது சிமெண்டுத் தரையில் இரண்டு ஈரத் தடம் விழுந்தது. குதிகாலும் ஐந்து விரலும் தெளிவாக. பேச்சியம்மாள் அதை மிதிக்காமல் சுற்றிப் போய்ச் சோறு போட்டார். அது காய்கிறவரை தரையைப் பெருக்கவில்லை.

ரெங்கத்து வானத்தில் மண்வெட்டிகள் அப்படியே நின்றன. கொக்குகள் அவற்றின் பிடியில் உட்காரப் பழகின. மழைக்காலத்தில் சாயம் கரைந்து கறுப்புத் துளிகள் விழும் என்பதால் வெள்ளை வேட்டிக்காரர்கள் குடை எடுத்துக்கொண்டார்கள். ரயிலில் புதிதாக வருகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கேட்டால், அது மலிவுச் சரக்கு என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டு வெற்றிலையைத் தொடர்ந்து மென்றார்கள். கம்பெனி ஒவ்வொரு வருடமும் விலையைக் குறைத்தே வைத்திருந்தது, உலை என்றைக்காவது அணையும் என்று காத்திருந்தது.

ஒரே ஒரு நாள்தான் சிக்கல். ஆயுத பூசையன்று பட்டறையிலும் ஆயுதங்களுக்கு ஓய்வு. சம்மட்டி, குறடு, அடைகல், துருத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள் வரை தொட முடியாது. துருத்தி இல்லாமல் உலை தாங்காது. ஆகவே அந்த ஒரு நாள் ஊரார் முறை போட்டுக்கொண்டு வாயால் ஊதினார்கள். முதலில் கோயில் பூசாரி, பிறகு சதாசிவமும் அவர் மனைவியும், பிறகு காளியம்மா, லியோனார்ட், வேலு கங்காணி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கடைசியாகத் துரை தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் சிவக்கக் குனிந்து ஊதினார். வீரமுத்து அன்று மட்டும் வேலையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு பார்த்தார். பேச்சியம்மாள் ஊதினவர்களுக்கெல்லாம் சுண்டலும் தேத்தண்ணியும் கொடுத்தார், நன்றாக ஊதாதவர்களைத் திட்டினார். கரி சிவப்பாகவே இருந்தது. வெளியே வெயில் அடித்தது, மேலே மண்வெட்டிகள் அசையாமல் நின்றன.